மாப்பிள்ளை வீட்டு ஆம்புலன்ஸ்

"போன மாசமும் இதே ஆம்புலன்ஸ் வந்துச்சாம், பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. மாப்பிள்ளை வீட்டுல ஏதோ வியாதியை மறைக்கிறாங்கடா தம்பி" என்றாள் சந்திரலேகா.

கோட்டுச்சேரியில் மாப்பிள்ளை வீட்டுச் சந்து முனையில் வண்டி நின்றது. சைரனும் இல்லை, பதற்றமும் இல்லை. வருங்காலச் சம்பந்தி செல்லையனை ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள் இரண்டு பேர். அவரோ படுத்தபடியே எதிரில் வந்தவர்களிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கிளறாம விடுக்கா" என்று கையைப் பிடித்து இழுத்தான் தம்பி ஜெயபிரகாஷ்.

"பத்திரிகை அடிக்கக் கொடுத்தாச்சு. தாலி ஏறின பிறகா கேக்குறது? எழில்மதி எனக்கு ஒரே பொண்ணுடா."

வண்டியோடு வந்திருந்த மருத்துவ உதவியாளர் பஹீமா கடிகாரத்தைப் பார்த்தாள். "முன்னைக்கு இப்ப சீக்கிரம்தான். ஆனா திருப்பத்துல ஐயா தலை சுவத்துல இடிச்சுது. அது நம்ம தப்பு. இன்னொரு தடவை தூக்கிடுவோம்."

மறுபடியும் அவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். சந்திரலேகாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பின்னாலேயே போய் ஜன்னலோரம் நின்றுவிட்டாள். ஒட்டுக்கேட்பது தப்புதான். பெற்றவள் அதையெல்லாம் பார்த்தால் முடியுமா?

உள்ளே மாப்பிள்ளை ஆதவனுக்குப் பஹீமா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில சாவிக்கொத்தைத் திணிக்காதீங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. அஞ்சு நிமிஷத்துல அடங்கலைன்னா எங்களைக் கூப்பிடுங்க."

வலிப்பா? சந்திரலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள்.

"ஏன் சம்பந்தி, உங்களுக்கு வலிப்பு வரும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? இப்படி மறைச்சுக் கல்யாணம் பண்றது துரோகமில்லையா?"

செல்லையன் ஸ்ட்ரெச்சர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை.

"எனக்கு ஒரு நோவும் இல்லைங்க. வண்டி நுழையாத சந்துல எப்படித் தூக்குறதுன்னு இவங்க மாசாமாசம் ஒத்திகை பாக்குறாங்க. எங்க வீட்டுல வந்து பாருங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"நல்லா இருக்குற வீட்டுல எதுக்கு ஒத்திகை?"

பின்னாலேயே வந்திருந்த ஜெயபிரகாஷ் தரையைப் பார்த்தான். செல்லையன் கொஞ்சம் தயங்கினார்.

"மறைக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதனால சொல்றேன். தனக்கு வலிப்பு இருக்குன்னு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எழில்மதி எங்ககிட்ட சொல்லிடுச்சு. மறைக்கச் சொன்னதே அம்மாதான், நான் சொல்லிட்டது அவங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்னு கெஞ்சிக் கேட்டுச்சு."