ஞாயிற்றுக்கிழமை அடைக்காத முட்டை

ஞாயிற்றுக்கிழமை வழுக்கிக்கொண்டு இறங்கிய முட்டை, திங்கட்கிழமை மதியம் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

அதே கடை முட்டை. அதே பாத்திரத்தில் வேகவைத்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கியது.

லிஃப்டம்மா பட்டறையின் கழிவறையில் குனிந்து நின்றாள். வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வடிந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவளுக்குப் பட்டறை வைத்த பெயர் அது.

வெளியே கதவைத் தட்டினார் வயர்மேன். எல்லோருக்கும் அவர் சித்தப்பா.

"என்னம்மா, மறுபடியும் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு சித்தப்பா. மெக்கானிக் உள்ளதான் இருக்கா, பாத்துக்குவா."

நடப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். உடம்பு இளைக்க, இரைப்பையின் மேல்பகுதியில் அறுவை செய்து மாட்டிய வளையம். வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை. அதிலிருந்து கீழே போக ஒரு குறுகிய வழி. கூழானது கசிந்து இறங்கும். துண்டானது வழியை மறித்துக்கொள்ளும். பிறகு ஊறுகிற எச்சிலுக்கும் போக்கிடம் இருக்காது. தொடக்கத்தில் தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று பார்த்தாள். அடைத்த தொட்டிக்கு மேல் குழாயைத் திறந்துவிட்ட கதையானது.

தெரியாதது ஒன்றுதான். ஏன் வேலை நாளில் மட்டும்?

நாளை மாலை டாக்டரைப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் நிரப்பிய நீரை ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தால் வளையம் தளரும். அடைப்பு போகும். பசி திரும்பும். உடம்பும் திரும்பும்.

"வயித்துக்குப் பூட்டும் போட்டுட்டு இப்ப சாவியத் தேடறா பாரு" என்று அவள் அக்காள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது.

அக்காளுக்கு அந்தச் சதுர ஓட்டையைப் பற்றித் தெரியாது.

கட்டடங்களின் மேல்மாடிக் கூரையில், லிஃப்டின் மோட்டார் அறைக்கு ஏறுகிற ஓட்டை. அறுவைக்கு முன்பு ஒரு நாள் அதில் லிஃப்டம்மா இடுப்போடு மாட்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து பட்டறையில் போன் எடுக்கிற நாற்காலிதான் அவள் வேலை. இப்போது அதே ஓட்டையில் தோள் இடிக்காமல் ஏறுகிறாள். முதல் தடவை ஏறிப்போய் கிரீஸ் வாசனையை ஆசைதீர முகர்ந்தாள். இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். சும்மாதான்.

அதை விட்டுக்கொடுக்க முடியுமா?

வந்து வந்து போகிற கோளாறுதான் லிஃப்ட் வேலையில் பெரிய தலைவலி. மெக்கானிக் பக்கத்தில் நின்றால் சமர்த்தாக ஓடும். அவள் தெருமுனை தாண்டியதும் நின்றுவிடும். அங்கெல்லாம் அவள் எடுத்ததும் எதையும் கழற்ற மாட்டாள். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பாள். ஒரு வீட்டில் லிஃப்ட் கதவு மூடாமல் அடம்பிடித்ததற்குக் காரணம், கதவைக் கையால் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிய ஒரு மாமனார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் தனக்கே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். டப்பாவைத் திறந்தாள்.

முதல் வாய். மென்றாள், இறங்கியது. இரண்டாவது வாய். அதுவும் இறங்கியது.

மூன்றாவது வாயை மெல்லத் தொடங்கும்போது போன் அடித்தது.

தாடை நின்றது. கை போனுக்குப் போகும் முன்பே தொண்டை விழுங்கத் தயாராகிவிட்டது.

கோளாறைப் பிடித்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில், இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில், மணி அடித்த வேகத்தில் எடுத்துப் பழகிய போன். வாயில் என்ன இருந்தாலும் அப்படியே உள்ளே தள்ளிவிட்டு "சொல்லுங்க" என்று பழகிய வாய். பயம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கும்.

மூடுகிற கதவைப் பிடித்துக்கொண்டிருந்த மாமனார் அவளேதான்.

"முதலாளி போன்மா! எடு!" என்று பதறினார் சித்தப்பா.

அவள் ஒரு விரலை உயர்த்தினாள். மென்றாள்.

அடித்து ஓய்ந்த போன் மறுபடியும் அடித்தது. சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. எடுத்துவிட்டார்.

"சார்... இங்கதான் இருக்கா சார். சாப்பிடறா. இல்ல சார், முழுங்கல. இன்னும் மெல்லறா."

அவள் அவசரப்படவில்லை. முட்டை கூழாயிற்று. இறங்கியது. நெஞ்சில் கையை வைத்து, அது வளையத்தைத் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"சொல்லுங்க சார்."

கேட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. கதவ மட்டும் பிடிச்சு இழுக்காதீங்க. இதோ வந்துட்டேன்."

பக்கத்துத் தெருக் கட்டடத்தின் மேல்மாடியில் ஏணியைச் சாய்த்து, சதுர ஓட்டை வழியாக ஏறினாள். தோள் இடிக்கவில்லை. மின்சாரத்தை அணைத்து, பிரேக்கை விடுவித்து, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினாள். இரண்டு மாடிக்கு நடுவே நின்றிருந்த பெட்டி, அங்குலம் அங்குலமாக இறங்கிக் கீழ்மாடிக்கு வந்து சேர்ந்தது.

அவள் படியிறங்கி வருவதற்குள் கூட வந்திருந்த சித்தப்பா கதவைத் திறந்துவிட்டிருந்தார். வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து, பெட்டியிலிருந்து வெளியே வந்து நின்றார் முதலாளி.

"போன எடுக்க இவ்வளவு நேரமா? என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தே?"

"மென்னுக்கிட்டிருந்தேன் சார்."

மாலையில் டாக்டர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, வளையத்தை எவ்வளவு தளர்த்தலாம் என்று கேட்டார்.

"வளையம் சரியா இருக்கு டாக்டர், தொட வேண்டாம்" என்றாள் லிஃப்டம்மா. "சாப்பிடும்போது போன் வேற ரூம்ல இருக்கணும், அவ்வளவுதான்."