நாலு ஓரத்திலும் ஒரு வரி

இன்றைக்கும் வந்துவிட்டாள். இவளை எந்த வழியாக வெளியே அனுப்புவது?

அச்சு இயந்திரத்திலிருந்து நழுவி விழுந்த பெரிய தாளைக் கையில் எடுக்காமலே பிரசீதா பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லாயிப் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டப்போகும் பல் மருத்துவமனையின் வரைபடம். அதன் நாலு ஓரத்திலும் அதே மெல்லிய வரி ஓடியது: 'மாணவர் பதிப்பில் வரைந்தது. தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது.'

அனகா இறந்து நேற்றோடு நாற்பத்தொரு நாள்.

"சேச்சி, இதுலயும் வந்திருச்சா?" பக்கத்து மேஜையிலிருந்து ஷிபு எட்டிப் பார்த்தான். அவனும் படம் வரைகிறவன்தான். "அந்தப் பொண்ணுக்கு நம்மள விட்டுப் போக மனசே இல்ல போல."

"வாயை மூடு ஷிபு."

"நானா சொல்றேன், தாள் சொல்லுது. அவ பென் டிரைவ்ல கொண்டுவந்தாளே ஒரு படிக்கட்டு, அதை எதுல ஒட்டினாலும் இந்த வரியும் கூடவே ஏறி வருது. படிக்கட்டை அழிச்சாலும் வரி போகல. நான் வேற, அழகா இருக்கேன்னு ஒம்பது வீட்டுப் படத்துல ஒட்டி வச்சிருக்கேன்!"

பிரசீதா தன் இடத்துக்குப் போய், கீபோர்டுக்கு இடது பக்கம் கிடந்த மவுஸை ஒதுக்கிவிட்டு, ஆறிப்போன சுலைமானி டீயை எடுத்துக் குடித்தாள். நாக்கில் எலுமிச்சை மட்டும் கசந்தது.

அனகா மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண். அந்த வரி முதன்முதலாக அச்சில் விழுந்த அன்று குரியாக்கோஸ் சார் எல்லார் முன்னாலும் கத்தினார். "பாடம் படிக்கக் குடுத்த சாஃப்ட்வேர்ல வரைஞ்சு என் ஆபீஸுக்குக் கொண்டுவர்றியா? இது என்ன, உன் ஹாஸ்டல் ரூமா?"

அனகா ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பிரசீதாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சாரி சார்" என்றாள்.

அந்தப் பார்வைக்குப் பிரசீதா ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். மறுநாள் அனகா வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், எலிக்காய்ச்சல் என்றார்கள். பதினோராம் நாள், கர்க்கடக மாத மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மெடிக்கல் காலேஜில் எல்லாம் முடிந்துபோனது.

அதிலிருந்து எந்தத் தாளைக் கண்டாலும் பிரசீதாவின் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது. கல்யாணப் பத்திரிகையில், மகனின் பரீட்சைப் பேப்பரில், காலியாக இருக்கிற ஓரங்களில்கூட அந்த வரி இருப்பது போலவும், யாரோ அவளைப் பார்த்துவிட்டுத் தலை குனிவது போலவும் இருக்கிறது.

"பிரசீதா, மோளே, கொஞ்சம் உள்ள வா."

குரியாக்கோஸ் சார் மேஜைமேல் ஒரு கடிதத்தைத் திருப்பி வைத்தார்.

"சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் நோட்டீஸ் விட்டிருக்கான். பல் டாக்டரும் படத்தையெல்லாம் திருப்பி அனுப்பிட்டார். யார் பண்ணினதுன்னு எழுதிக் குடுத்துட்டா நாம தப்பிச்சுக்கலாம்னு வக்கீல் சொல்றார். அவளுக்கு வேலை சொல்லிக் குடுத்தது நீதானே? நீ இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் படித்தாள். 'காலஞ்சென்ற பயிற்சி மாணவி அனகா, எங்களில் யாருக்கும் தெரியாமல்...' கீழே, நகல் பெறுபவர் என்ற இடத்தில் கல்லூரியின் பெயர் இருந்தது.

"காலேஜுக்கும் போகுதா சார்?"

"வக்கீல் அப்படித்தான் எழுதச் சொன்னார்."

"வர்ற சனிக்கிழமை அவ டிகிரிய அவங்கம்மா கையில குடுக்கறதா இருக்காங்க. இது போய்ச் சேர்ந்தா நிறுத்திருவாங்க."

குரியாக்கோஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா? போனவளை இனிமே யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. இருக்கறவங்க யாராவது இதைப் பண்ணியிருந்தா இந்நேரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், வக்கீலும் கேஸ்ல மாட்டி விட்டிருப்பார். அந்தமட்டுக்கும் நமக்கு நிம்மதின்னு நினைச்சுக்க."

பிறகு பக்கத்திலிருந்த வரைபடத்தை இழுத்துப் பிரித்தார்.

"கெட்டிக்காரிதான், இல்லேங்கல. இத்தனூண்டு இடத்துல படிக்கட்டை எப்படித் திருப்பியிருக்கா பாரு! ஆனா கைப்பிடியைக் கொண்டுபோய் இடது பக்கம் மட்டும் வச்சிருக்கா. மேல ஏறுறவன் எவனாவது இடது கையாலயா பிடிச்சுக்கிட்டு ஏறுவான்?"

அவரே சிரித்துக்கொண்டு பேனாவை நீட்டினார்.

பிரசீதா வாங்கினாள். தாளின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே எந்த வரியும் இல்லை, வெறும் வெள்ளை. ஆனால் இரண்டு கண்கள் நிமிர்ந்து, இந்த முறை குனியாமல், அவளையே பார்த்தபடி இருந்தன.

"போடு மோளே, இங்கதான்."

இடது கையில் பிடித்திருந்த பேனாவை மூடி, கடிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கமே நகர்த்தினாள்.

"போட மாட்டேன் சார். அந்தப் படிக்கட்டு நான் காலேஜ்ல படிக்கறப்ப வரைஞ்சு வச்சிருந்தது. அவளுக்கு நான்தான் குடுத்தேன்."