போட்டிருக்கியா?

"இன்னாய்யா, போட்டிருக்கியா?"

ஏட்டு நாகராஜ் கார் ஜன்னலுக்குள் தலையை நுழைத்துக் கேட்டார். பனகல் பார்க் ஓரமாக வளைந்து வளைந்து வந்த அம்பாசிடர், நடைபாதையில் ஏறி ஒரு கத்திரிக்காய் வண்டியைக் கவிழ்த்துவிட்டு நின்றிருந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. காய்தான் தெருவெல்லாம் உருண்டுகொண்டிருந்தது.

ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்த நல்லசிவம் மெதுவாக நிமிர்ந்தார். மயிலாப்பூரில் நகைக்கடை வைத்திருக்கும் பெரிய மனிதர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் எங்கேயோ பார்த்தது.

"போட்டேன்," என்றார் குழறலாக.

கூட்டத்துக்குக் குஷி தாங்கவில்லை. மதுவிலக்கு திரும்ப வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பட்டப்பகலில் ஒரு கார்க்காரர் மாட்டினால் சும்மா கலைந்து போவார்களா என்ன?

"எவ்ளோ போட்டே?"

"நாப்பது."

"யாரு குடுத்தது?"

"நானேதான்... வீட்டுலயே. பிரிட்ஜுக்குள்ள இருக்கு."

"வீட்லயே ஸ்டாக்கா? தினம் போடுவியா?"

"தினமும்தான். காலையில."

"கேட்டுக்கினியா நைனா," என்றாள் கத்திரிக்காய்க்காரி. "காலையிலயே ஊத்திக்கினு வந்து என் பொயப்புல ஏத்திக்கீறான்."

பின் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி நல்லசிவத்தின் மனைவி சண்முகவடிவு. பக்கத்தில் மடிமேல் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தவள் தங்கபுஷ்பம். நல்லசிவத்தின் மகள் சுந்தரவல்லியைத் தன் மகன் ஜவஹருக்குப் பேசி முடித்திருப்பவள். வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். ராகு காலத்துக்கு முன்னால் கூரைப்புடவை எடுத்தாக வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக் கிளப்பியவளும் அவள்தான். மாப்பிள்ளை நேரே கடைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

"மதினி, குடியும் சீக்கும் இல்லாத குடும்பம்னுதானே பொண்ணு எடுக்க வந்தோம்?" என்றாள் தங்கபுஷ்பம். "இது என்ன கூத்து?"

சண்முகவடிவு என்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் குடிகாரர் வீடு என்று பெயராகி நின்றுவிடும். பாவம், எந்தப் பக்கம் போனாலும் அடிதான்.

நாகராஜ் கதவைத் திறந்து நல்லசிவத்தைக் கீழே இறக்கினார்.

"ஊது."

ஊதினார். வாடையே இல்லை.

"ஏலக்காய் மென்னுட்டு வந்துக்கீறான், கேடி," என்று ஏட்டு தீர்ப்பே சொல்லிவிட்டார். "நட ஸ்டேஷனுக்கு. ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடும்."

நல்லசிவம் கொஞ்ச தூரம் நடந்தார். முழங்கால் மடங்கியது. அப்படியே கத்திரிக்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். சண்முகவடிவுக்குக் கல்யாணமெல்லாம் மறந்துபோய்விட்டது. காரிலிருந்து குதித்து ஓடினாள்.

"ஏட்டையா, அவரு குடிக்கல. அவருக்குச் சர்க்கரை. காலையில இன்சுலின் ஊசி போட்டாரு. நாப்பது யூனிட். இலை முன்னால உக்காரும்போது சம்பந்தி வந்துட்டாங்க. சாப்பிடாமலே எந்திரிச்சு வந்துட்டாரு. சர்க்கரை எறங்கி மயக்கம் முத்துனா உசுரு போயிரும், ஏட்டையா."

"மாட்டிக்கினா எல்லாரும் சீக்காளிதாம்மா," என்றார் நாகராஜ். சொன்னாரே தவிர, பிடியை விட்டுவிட்டார். நல்லசிவத்தின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

"யாராச்சும் ஓடிப்போய் கலர் சோடா வாங்கியாங்கய்யா," என்று கத்தினார் ஏட்டு.

நாலு பேர் நாலு பக்கம் ஓடினார்கள். அவர்கள் திரும்புவதற்குள் கார்க் கதவு மறுபடி திறந்தது. தங்கபுஷ்பம் பட்டுப்புடவையோடு புழுதியில் மண்டியிட்டாள். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே சீனி.

"தலையப் பிடிங்க, ஏட்டையா. பின்னால சாயாமப் பிடிங்க. அண்ணாச்சி, வாயத் தொறங்க. முழுங்குங்க. இன்னும் கொஞ்சம்."

கன்னத்தின் உள்பக்கம் விரலால் சீனியைத் தேய்த்தாள். அவள் கை நடுங்கவே இல்லை.

ஒன்றும் நடக்கவில்லை. சண்முகவடிவு வேண்டாத சாமியில்லை. கத்திரிக்காய்க்காரி, திட்டியதையெல்லாம் மறந்து, முந்தானையால் விசிறினாள். கடைசியில் நல்லசிவத்தின் கண் மெல்ல நிலைக்கு வந்தது. சுற்றிலும் பார்த்தார்.

"என்ன வடிவு, இவ்வளவு கத்திரிக்காய்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாகராஜ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

"பெரியவரே, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. இனிமே ஊசி போட்டா, சாப்ட்டுட்டு வண்டியத் தொடுங்க. கொஞ்சம் விட்டிருந்தா உங்களை லாக்கப்புல வச்சே சாவடிச்சிருப்பேன்."

சண்முகவடிவு தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மறைச்சது எங்க தப்புதான், மதினி. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இவரு விரதம்னு பொய் சொல்லிக் கேசரியத் தொடல. உங்க மகனும் இனிப்புப் பிடிக்காதுன்னு அப்படியே வச்சுட்டாரா, அதுல இவரை யாரும் கவனிக்கல. கல்யாணத்தை மட்டும் நிறுத்திராதீங்க."

தங்கபுஷ்பம் கையிலிருந்த சீனியைத் தட்டினாள். காலிக் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

நாகராஜுக்குத்தான் போலீஸ் புத்தி விடவில்லை.

"ஏம்மா, இவருக்குச் சக்கரைன்னு உங்களுக்கே இப்பத்தான் தெரியும். அப்புறம் பையில எதுக்கு சக்கரைப் பொட்டலம்?"

தங்கபுஷ்பம் சண்முகவடிவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எம் மகனும் தினம் போடுதான், ஏட்டையா."