வீட்டு நம்பர் இல்லாதவர்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் மாடியறையில் தபஸ்ஸும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். வேலையில் யாராவது மயங்கி விழுந்தால், தரவுத்தளத்திலிருந்து அவர் வீட்டு போன் நம்பரை எடுத்துத் தரும் புரோகிராமை எழுதுகிறாள். கீழே தையல் மெஷின்களின் இரைச்சல் ஓயவில்லை. தோல் வாடையோடு சாயங்கால வெயில் கீபோர்டின் மேல் விழுகிறது. திரையில் மறுபடியும் சிவப்பு வரி. நம்பர் காலியாகவும் இருக்கலாம், அப்போது என்ன செய்வதென்று சொன்னால்தான் ஆச்சு என்கிறது புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர். டீயோடு வந்த டைம் ஆபீஸ் மேகலா எட்டிப் பார்க்கிறாள். "இன்னாக்கா, இன்னும் அடம் புடிக்குதா?" "வீட்டு நம்பர் இல்லாதவங்களுக்கு இன்னா பண்றதுன்னு கேக்குது." "அதுக்கு வேற வேலையில்ல! ஒருத்தர்கூட இல்லாத மனுசங்க யாருக்கா இருக்காங்க? இரு, என் பொண்ணு கூப்புடுறா." மேகலாவின் சிரிப்பு படியிறங்கிப் போய்விடுகிறது. அவள் அம்மா, அம்மி, உயிரோடு இருந்தவரை தபஸ்ஸுமின் பெயருக்கு நேரே ஒரு நம்பர் இருந்தது. போன பக்ரீத்துக்குப் பிறகு அவளே அதை அழித்தாள். டீயில் ஆடை படிகிறது. காலியாக இருந்தால் நர்ஸ் அறை நம்பரைக் காட்டு என்று எழுதுகிறாள். சிவப்பு மறைகிறது. சரியாக வருகிறதா என்று பார்க்கத் தன் பெயரையே கொடுக்கிறாள். நர்ஸ் அறை நம்பர் வருகிறது.