வலது பக்கப் பை

பையின் அடிப்பக்கம் கருகியிருந்தது. தணிகாசலம் குனிந்து தொட்டுப் பார்த்தார். கரி விரலில் ஒட்டிக்கொண்டது. புதிதாகக் கருகிய தோல்.

மூன்று மாதமாக ஓடாத மோட்டார் சைக்கிள் அது. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், அவர் மகன் ரஞ்சன் வழக்கமாக விடும் தூணோரத்தில், உறை போர்த்தி நின்றது. ரஞ்சன் இப்போது வீட்டுக் கூடத்தில், மாலை போட்ட படமாக இருந்தான்.

தஞ்சோங் பகார் அலுவலகத்தில் நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அன்று மாலை அவன் நண்பன் ஒருவன் வண்டியை ஓட்டிவந்து நிறுத்தினான். தணிகாசலத்தின் கண்ணெதிரிலேயே சாவியை மருமகள் சிவானியின் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கருமாதி முடிந்த பிறகு ரஞ்சன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. வண்டியின் இரு பக்கமும் தொங்கவிடுகிற தோல் பைகள். சிவானியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மலேசியாவின் தேசாரு கடற்கரைக்குப் போக ஆசைப்பட்டு அவன் வாங்கியவை. நம் குடும்பத்துப் பெண் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி ஊர் சுற்றுவதா என்று தணிகாசலம் கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது.

மகன் ஆசையாக வாங்கியது மூலையில் கிடக்க வேண்டாமென்று, போன ஞாயிற்றுக்கிழமை அவரே மாட்டினார். இருக்கையின் குறுக்கே பட்டைகளைப் போட்டு, இரு பக்கமும் வாரை இழுத்து இறுக்கினார். பக்கத்து வீட்டுக் காதர் மைதீன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வலது பக்கப் பை எக்ஸாஸ்ட் பைப் மேலயே உக்காருது. வண்டி ஓடினா கருகிடும் லா.”

“ஓட்டுறதுக்கு யாரு இருக்கா காதர்?” என்று கேட்டுவிட்டு வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினார்.

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வண்டி ஓடியிருக்கிறது.

தணிகாசலம் போலீஸில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பையின் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார். ஈர மணல். அதோடு நாலைந்து சவுக்கு இலைகள். அந்த ஈரம் விரல் வழியாக ஏறி நெஞ்சுவரை போனது.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். மாற்றுச் சாவி, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், வைத்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் சிவானியிடம் இருக்கும் சாவிதான்.

சிவானி காலையிலேயே சிராங்கூனில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்க ரயிலில் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் சொல்கிறாள்.

வயசுப் பெண்ணை எதற்கு வைத்திருக்கிறாய், தாய் வீட்டுக்கு அனுப்பிவிடு என்று உறவுக்காரர்கள் எத்தனையோ சொன்னார்கள். அவள் இந்த வீட்டு மருமகள், இங்கேதான் இருப்பாள் என்று அத்தனை பேர் வாயையும் அடைத்தவர் அவர். நாளைக்கு அதே வாய்கள் இந்த மணலைப் பற்றிப் பேசும். யாரோடு போனாள் என்று கேட்கும். ரஞ்சனின் வண்டியிலேயே போனாள் என்று சிரிக்கும்.

உடைந்து போகிற மனிதர் அல்ல தணிகாசலம். மண்டாய் எரியூட்டும் நிலையத்தில் மகனின் எலும்பு பொறுக்கியபோதுகூட முதுகு வளையாமல் நின்றார். சாம்பலுக்குள் உருகி வளைந்து கிடந்த ஓர் உலோகத் துண்டைக் காட்டி இதை என்ன செய்வது என்று ஊழியர் கேட்டபோது, சவப்பெட்டியின் ஆணி, தூரப் போடுங்கள் என்று குரல் பிசகாமல் சொன்னார். அப்படிப்பட்டவர் இந்தச் சாயங்காலத்தில் வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து, கரி போன பிறகும் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிவானி வந்தாள். அம்மா கொடுத்தனுப்பிய குழம்புப் பாத்திரம் கையில் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

“வண்டிச் சாவியக் கொண்டா.”

“எந்த வண்டி மாமா?”

“ரஞ்சன் வண்டி. பை கருகியிருக்கு. உள்ள கடக்கரை மணல் கெடக்கு. யாரோட போனேன்னு நான் கேக்க மாட்டேன். சாவிய வெச்சிட்டு உங்கம்மா வீட்டுக்கே போயிடு.”

அவள் அழுவாள், இல்லையென்றால் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

“கடக்கரை மணலா?” என்று மட்டும் கேட்டாள். அது அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் முகம் சுவரில் இருந்த படத்தின் பக்கம் திரும்பியது.

“சாவி எங்க?” என்றார் தணிகாசலம்.

“பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி, அவரு சட்டப் பைக்குள்ள வெச்சு அனுப்பிட்டேன் மாமா.”