ராணி தில்பரின் மெழுகுவர்த்தி

ரிஃபாத் சரித்திரப் புத்தகத்தின் பக்கங்களை அவசர அவசரமாகப் புரட்டினான். ஷுப்ராவில் அவன் வீட்டுக் கூடத்தில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. மகள் பிறந்து ஏழாம் நாள். அவர்கள் வழக்கப்படி ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் ஒரு பெயர். கடைசிவரை அணையாமல் எரிவதன் பெயர்தான் குழந்தைக்கு.

"ஒண்ணு அணைஞ்சாச்சு!" என்று அம்மா ஹிக்மத் கத்தினாள். "இனி என் பேரும், உன் பொண்டாட்டி நாவல்ல பிடிச்ச தில்பரும்தான் மிச்சம்!"

நாவலில் ராணி தில்பர் கணவனுக்காக உயிரையே கொடுப்பவள். நிஜமா என்று பார்க்கத்தான் காலையில் பழைய புத்தகக் கடையில் இந்தச் சரித்திரத்தை வாங்கியிருந்தான். நூற்றுப் பத்தாம் பக்கத்தில் அவனுக்கு வியர்த்துவிட்டது. மனைவி நெர்மீனிடம் ஓடினான்.

"அடியே, உன் தில்பர் புருஷனுக்கு விஷம் வெச்சவ! நாவலை நம்பி ஏமாந்துட்டியே! போய் ஊதி அணைச்சிடறேன்."

"எதுக்கு வெச்சாள்னு படிச்சீங்களா?"

"இன்னும் அந்தப் பக்கம் வரலை."

"அவ புருஷன் ரெண்டாவது கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தான். அந்தச் சரித்திரத்தை நான் நாவலுக்கு முன்னாடியே படிச்சாச்சு." நெர்மீன் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். "மூணாவதும் பொண்ணாப் போச்சு, வேற ஒருத்தியப் பாருடான்னு உங்கம்மா சொன்னதும் கேட்டுச்சு. பார்க்கலாம்மான்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு."

ஜன்னல் காற்றில் தில்பரின் சுடர் படபடத்தது. ரிஃபாத் பாய்ந்து போய், இரு கைகளையும் குவித்து அதை மறைத்துக்கொண்டு நின்றான்.