மலையேறி வரும் கதை

பலாமரத்து ஆன்டெனாவைச் சின்னராசு திருப்பத் திருப்ப, புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்த டிவி தெளிந்து தொடர் ஆரம்பிக்கிறது. தரையில் பரப்பியிருக்கும் மிளகின்மேல் நீல வெளிச்சம் நடுங்குகிறது. அவர் மனைவி சென்னம்மாளின் கண் டிவியில் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கோகிலாமேல் இருக்கிறது. வரப்புச் சண்டைக்குப் பிறகு, கொழுந்தனாரின் மனைவியான அவள் சென்னம்மாளோடு பேசுவதில்லை. ஆனாலும் செவ்வாய் தவறாமல் தொடர் பார்க்க வந்துவிடுகிறாள், படியை மட்டும் தாண்டுவதில்லை. விளம்பரம் வருகிறது. “இதச் சினிமாவா எடுக்கறாங்களாம். மூணு மணி நேரத்துல கதைய முடிச்சுட்டு, டிவில நிறுத்திருவாங்களாம்” என்றபடி சின்னராசு உள்ளே வருகிறார். சென்னம்மாளுக்குப் பகீரென்கிறது. கதை நின்றால் கோகிலா எதற்கு வருவாள்? “அதெல்லாம் வேண்டாமுங்க மாமா” என்று படியிலிருந்து குரல் வருகிறது. “சினிமான்னா நாமதான் மலை இறங்கோணும். இது நம்ம ஊட்டுக்கே மலையேறி வருதுல்லீங்க?” நம்ம ஊடு என்கிறாள். சென்னம்மாள் அந்தப் பெட்டிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறாள். கை மிளகை வழித்து ஒதுக்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் பண்ணுகிறது. விளம்பரம் முடியுமுன் அந்த இடம் நிறைந்துவிடுகிறது.